தறிக்கூடத்தின் இறவாரம்

ஐப்பசியில் அடைமழை பிடித்தால், குழித்தறி வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் முதலில் பார்ப்பது பாவினை அன்று, குழியையே. குழியில் நீர் ஊறினால் மிதியில் கால் வைக்க இயலாது, பாவு ஈரம் கோத்துப் பசை தளரும், இழை அறும். அன்றைய கூலி போயிற்று. இதற்கு ஓட்டைக் குறை கூறுவோர் பலர். நாம் பார்த்தவரையில் குற்றம் பெரும்பாலும் ஓட்டில் இல்லை. ஓடு முடியும் இடமாகிய இறவாரத்தில் இருக்கிறது.

அம்பத்தூர்ப் பக்கத்தில் இதனை அசட்டை செய்ய இயலாது. ஏரிகள் சூழ்ந்த பூமி இது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 20 அடி நீளமும் 15 அடி அகலமும் மூடும் கூரையின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழைக்கு அதில் விழும் நீர் 2,800 லிட்டர். இரு சரிவுக் கூரையாயின் பக்கத்துக்கு 1,400 லிட்டர். இறவாரம் அரை அடியே நீண்டிருந்தால் இத்தனையும் சுவரடியில் விழுந்து, கடைக்காலில் இறங்கி, தறிக்குழியை நாடி வரும்.

ஆகையால் இறவாரம் சுவருக்கு வெளியே 2 அடியாவது நீள வேண்டும். சாரல் அடிக்கும் வடக்கிலும் கிழக்கிலும் இரண்டரை அடி வைப்பது நலம். அதற்கு மேல் நீட்டினால் புயற்காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கும். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வார்தா புயலை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்து, கடைசி வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்டிவிட வேண்டும்.

நீர் சொட்டும் கோட்டில் செங்கல் பாவி, வெளிப்புறம் சாய்வாகச் சிறு வாய்க்கால் அமைக்கலாம். 2003இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிக்கு அவ்வாய்க்காலைக் கொண்டு செல்வது முறை. ஆனால் அக்குழியைத் தறிக்கூடத்தை ஒட்டி வெட்டலாகாது. மனை நெருக்கமாயின் தகரப் பீலி மாட்டி, 10 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்து, நீரை நம் நிலத்திலேயே இறக்க வேண்டும். (இதனைச் செய்யாமல் அண்டை வீட்டாரோடு பேச்சே நின்றுபோனவர்களை நாம் அறிவோம்.)

சாரலுக்கு அஞ்சிச் சிலர் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்தைச் சாந்தால் அடைத்துவிடுகிறார்கள். இது தவறு. ஓட்டின்கீழ் சூடேறிய காற்று மேலே எழும். முகட்டில் அது வெளியேறவும், இறவாரத்தின் அடியில் புதுக் காற்று நுழையவும் வழி இருந்தால்தான் நெய்பவர் உடல் தாங்கும். மழைக்காலத்தில் பாவும் உலரும். 4 அங்குலச் சந்து விட்டு, அணிலும் எலியும் புகாதபடி கம்பிவலை அடித்தால் போதும். நீண்ட இறவாரமே அச்சந்துக்குக் குடை. சந்து தலைக்கு மேல் இருப்பதால் காற்று நேராகப் பாவின்மேல் மோதாது. சித்திரை வெயிலில் நூல் உலர்ந்து அறுமாயின், தறியைச் சுற்றித் தரையில் நீர் தெளிக்கலாம். அதற்காகச் சந்தை அடைக்க வேண்டியதில்லை.