உணவகமும் ஒரு பள்ளிக்கூடமே

மலேசியா பல்லின மக்கள் வாழும் நாடு என்பதை நாம் முதலாம் ஆண்டிலேயே படித்துவிடுகிறோம். மலாய்க்காரர், சீனர், இந்தியர், கடசான், ஈபான் என்று பெயர்களை வரிசையாக ஒப்புவிக்கவும் செய்கிறோம். ஆனால், அவர்கள் எதை விரும்பி உண்பர், எதைத் தொடமாட்டார்கள், ஏன் தொடமாட்டார்கள் என்று கேட்டால் நம்மிற் பலர் விழிக்கிறோம். தோட்டத்திலோ தமிழர் மிகுந்த குடியிருப்பிலோ வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கு இக்குறை இயல்பாகவே நேரக்கூடியது. இடைநிலைப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பிற இன மாணவருடன் முதன்முறையாக ஒரே மேசையில் அமரும்போது, “சீ, இது என்ன நாற்றம்!” என்ற சொல் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அச்சொல்லால் முறிந்த நட்பை ஒட்டவைப்பது எளிதன்று.

ஆகவே, குடும்பத்தோடு பட்டணத்துக்குச் செல்லும் நாள்களில் ஒரு வேளையேனும் பிற இனத்தார் நடத்தும் உணவகத்தில் உண்டு வருதல் வேண்டும். அதற்காகும் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து.

முதலில் சீனர் கோப்பிக் கடைக்குச் செல்வோம். இதனைக் ‘கோப்பித்தியாம்’ என்பர். ‘கோப்பி’ மலாய்ச் சொல். ‘தியாம்’ ஹொக்கியன் சீனத்தில் கடையைக் குறிக்கும். இக்கடைகளுள் பலவற்றைத் தொடங்கியோர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனராவர். மற்றச் சீனப் பிரிவினருக்குப் பிந்தி அவர்கள் இங்கு வந்தமையால், வாணிகத்தில் நல்ல இடங்களெல்லாம் முன்னரே நிரம்பியிருந்தன. அவர்களுட் பலர் வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுக் குசினிகளில் சமையற்காரராயினர். பின்னர், அங்குக் கற்ற கைத்தொழிலைக் கொண்டு சொந்தக் கடை வைத்தனர். கோப்பிக் கொட்டையைச் சீனியும் வெண்ணெயும் சேர்த்துக் கறுக்க வறுப்பதும், தேங்காய்ப்பால், முட்டை, சீனி கலந்து கிண்டிய ‘காயா’வைச் சுட்ட ரொட்டியில் தடவித் தருவதும் இக்கடைகளின் வழக்கம். பால்மரத்தை நம்பிக் கப்பலேறிய நம் பாட்டன்மாரின் கதைக்கும், இந்தக் கறுப்புக் கோப்பிக்குப் பின்னாலுள்ள கதைக்கும் தூரம் அதிகமில்லை.

பினாங்கின் நாசி கண்டாரும் உழைப்பாளிகளின் உணவாகவே பிறந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர் ஒரு தண்டின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, தோளிற் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனர். அவ்வாறு தோளிற் சுமப்பதற்கே மலாய் மொழியில் ‘கண்டார்’ என்று பெயர். நம் முன்னோர் அத்தகைய தண்டைக் காவடி என்றனர். சோற்றின்மேல் பல குழம்புகளைக் கலந்து தாராளமாக ஊற்றுவதை ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம் என்பர். அப்பெயர் பொருத்தமானதுதான் என்பதைத் தட்டைப் பார்த்தவர் ஒப்புக்கொள்வர்.

மலாய்க்காரர் கடையில் நாசி லெமாக் உண்ணும்போது, தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் நெத்திலியும் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. கை கழுவ நீர் வைத்திருக்கும் மூக்குள்ள கலத்தை அவர்கள் கெண்டி என்பர். நம் பாட்டிமாரும் அவ்வாறே சொல்வர். வலக்கையால் உண்பது இரு சாராருக்கும் பொது. இந்த நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவை இடம்பெறும் மலேசியரின் காலையுணவுப் பண்பாட்டை 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடு அதற்கு முன்பே, 2020இல், அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

ஒருவர் உண்பதைக் காட்டிலும் அவர் உண்ணாததை அறிவதே மேலான பாடம் என்று நாம் எண்ணுகிறோம். முஸ்லிம் அன்பர் பன்றியிறைச்சியை உண்ணார். மற்ற இறைச்சியும் ஹலால் முறைப்படி அறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பன்றியிறைச்சி சமைத்த சட்டியில் கோழியைச் சமைத்துத் தந்தாலும் அவருக்கு அது ஆகாது. ஆதலால் அவரை விருந்துக்கு அழைப்போர் கடையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். இந்துக்களிற் பலர் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பது நாம் அறிந்ததே. குவான் யின் அம்மனை வழிபடும் சீனரிற் பலரும் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பௌத்த சமயச் சீனர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவ உணவு உண்பர். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பது போன்றதே அது. அவர்களுடைய சைவக் கடைகளுக்கு நம்மவரும் துணிந்து செல்லலாம். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத கடைகள் அவற்றுள் உண்டு.

ஐயம் ஏற்பட்டால் கூச்சப்படாமல் கேட்டல் வேண்டும். சாத்தே கோழியிலும் செய்வர், மாட்டிறைச்சியிலும் செய்வர். “அடா டாகிங் லெம்பு?” என்று மலாய் மொழியில் கேட்டால் கடைக்காரர் மனங்கோணாமல் விடை சொல்வார். சைவ உணவினர் சம்பாலைப் பற்றியும் கேட்டறிதல் நன்று. பெரும்பாலும் அதில் கூனிறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பெலாச்சான் இருக்கும். அதன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள், நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் நேரத்தில் அண்டை வீட்டார் நிலை யாதென்பதையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

மேசை வழக்கங்களும் உண்டு. சீனர் கடையில் உணவுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைத்தல் கூடாது. இறந்தோருக்கு ஊதுவத்தி ஏற்றிவைப்பதை அது நினைவூட்டுவதால் அவர்கள் மனம் வருந்துவர். தேநீரை முதலில் பெரியோர் கிண்ணத்தில் ஊற்றுவதும் அவர்தம் மரபு.

ரமலான் மாதத்து மாலை வேளையில் முஸ்லிம் உணவகம் ஒன்றுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். பகல் முழுதும் நீரும் அருந்தாத குடும்பத்தினர், எதிரே சோறும் குழம்பும் ஆவி பறக்க இருந்தும், கை வைக்காமல் அமர்ந்திருப்பர். மேசையில் பேரீச்சம்பழம் காத்திருக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகளும் தொழுகை அழைப்பு ஒலிக்கும் வரை பொறுத்திருப்பர். நம் மேசைக்கு உணவு முன்னரே வந்துவிட்டால், நாமும் அந்தச் சில நிமிடம் பொறுத்து அவர்களோடு சேர்ந்து உண்ணலாம். அவ்வாறு செய்யுமாறு யாரும் நம்மைக் கேட்கமாட்டார்கள். ஆனால், அடுத்த மேசையிலிருப்போர் அதனைக் கவனிப்பர்.

மாணவர்களே, அடுத்த முறை செல்லும்போது ஒரு சிறு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். பெயர்ப்பலகையிலும் உணவுப் பட்டியலிலும் காணும் சொற்களை எழுதி வாருங்கள். மலாய் மொழியின் ‘கெடாய்’ நம் கடையே. ‘காரி’ நம் கறியே. ‘அபாம்’ நம் அப்பமே. ‘மீ’, ‘தவ்ஹு’, ‘குவே’ ஆகியவை ஹொக்கியன் சீனரிடமிருந்து வந்தவை. எஞ்சிய சொற்கள் எம்மொழிக்கு உரியவை என்பதை வகுப்பாசிரியரிடமும், இயன்றால் கடைக்காரரிடமே நேரிலும் கேட்டு எழுதுங்கள்.