இரண்டு இருக்கை மரக் கிளைடர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த ஆண்டு பார்த்த மாணவர் வரைபடங்களில் பாதிக்கு மேல் தலைப்பு 'பயிற்சிக் கிளைடர்'. உள்ளே இருந்ததோ போட்டிக் கிளைடர். ஏன் என்று கேட்டேன். "இப்படிச் செஞ்சாதான் வெளிநாட்டுல மதிப்புன்னு அப்பா சொல்றார் சார்" என்றான் ஒருவன்.

உடலுக்கு மேலே இறக்கை, அடியில் ஒற்றைச் சக்கரம், பிளைவுட் போர்த்திய கூடு: இவற்றில் குழப்பம் இல்லை. இருக்கைகளை எப்படி வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. 1961-இல் பறந்த நம் நாட்டுப் பயிற்சிக் கிளைடரான ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில். 1979-இன் ஆர்த்ராவில் ஒருவர் பின் ஒருவர். பின்னது ஒல்லியானது, காற்றுத்தடை குறைவு. ஆசிரியர் ஈர்ப்பு மையத்தை ஒட்டி அமர்வதால், அவர் இறங்கிக்கொண்டாலும் சமநிலை அதிகம் மாறாது. ஆனாலும் என் ஓட்டு ரோகிணிக்கே. நான் கற்றது அதில்தான். ஸ்டிக்கைப் பிடித்த என் விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான் ஆசிரியர், "பிடியைத் தளர்த்து" என்றார். பின்னால் இருந்திருந்தால் என் தலையைத்தான் பார்த்திருப்பார்.

நான் அஞ்சுவது லாமினார் (சீரோட்ட) இறக்கை மோகத்தை. சறுக்கு விகிதம் கூடும் என்று குறுகலான, மெல்லிய இறக்கையை வரைகிறார்கள். அந்த வடிவம் பலன் தர மேற்பரப்பு கண்ணாடிபோல் இருக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது நானும் அப்படி ஒரு துண்டு இறக்கை செய்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஒரு மாதம் போனது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் அதன்மேல் இரும்பு ஸ்கேலை வைத்தேன். ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே பிளைவுட் உள்வாங்கி, ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. பட்ட பாடெல்லாம் வீண்.

இறக்கைப் பரப்பைக் குறைத்தால் தரையிறங்கும் வேகமும் ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டர் 75 ஆனால் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். தடுமாறி இறங்கப்போவது புது மாணவன். வின்ச் இழுத்துவிட, ஒரு சுற்றுச் சுற்றி, சில நிமிடத்தில் தரை தொடுபவனுக்கு நீண்ட சறுக்கல் எதற்கு? அகன்ற இறக்கையும், நுனியில் சற்றே முறுக்கிக் குறைத்த கோணமும் கொடுங்கள். ஸ்டால் ஆகும்போது நுனி கடைசியில்தான் கைவிடும்.

மரம் எல்லாருக்கும் வசப்படாது. மரத்துண்டுகளை இணைக்கும் ஒட்டுச் சரிவை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று சீவவும், பசை காயும்வரை கிளாம்பைத் தொடாமல் இருக்கவும் பொறுமை வேண்டும். அது பிடிக்காதவர் கணக்கீட்டுப் பக்கம் போகலாம், குறைவொன்றுமில்லை. பெற்றோர்களே, அந்த முடிவைப் பிள்ளைகளிடமே விடுங்கள். மாணவர்களே, முதல் கோடு இழுக்கும் முன் ஒரு பழைய கிளைடரின் இரண்டு இருக்கைகளிலும் உட்கார்ந்து பாருங்கள்.