பிஎச்பியோடு வரும் சர்வர்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிஎச்பி படிக்கப் போகிறேன் என்றாலே "முதலில் ஸாம்ப் போடு" என்பார்கள். அப்பாச்சி, மரியாடிபி எல்லாம் சேர்ந்த பெரிய மூட்டை அது. முதல் பக்கத்தை ஓட்டிப் பார்க்க அவ்வளவு வேண்டாம். 2012 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பு முதல், பிஎச்பிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் இருக்கிறது.

படி 1: பிஎச்பி இருக்கிறதா?

டெர்மினலில் பிஎச்பி என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஹைஃபனும் சின்ன வி-யும் போடுங்கள். பதிப்பு எண் வந்தால் போதும். வராவிட்டால், விண்டோஸில் பெரும்பாலும் பாத் அமைப்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 2: ஓட விடுங்கள்

ஒரு ஃபோல்டரில் இண்டெக்ஸ் டாட் பிஎச்பி ஃபைலை வைத்து, டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் செல்லுங்கள். பிஎச்பி, இடைவெளி, ஹைஃபன், பெரிய எஸ், இடைவெளி, லோக்கல்ஹோஸ்ட், கோலன், 8000. இவ்வளவுதான் கட்டளை. எஸ் பெரிய எழுத்தாகவே இருக்கட்டும்; சின்ன எஸ் போட்டால், லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் ஃபைல் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும்.

பிரவுசரில் அதே முகவரியைத் திறங்கள். 8000 போர்ட்டை வேறு ஏதாவது பிடித்திருந்தால் 8080 கொடுத்துப் பாருங்கள். நிரலைத் திருத்தி சேவ் செய்தால், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலே போதும். பிஎச்பி டாட் ஐஎன்ஐ-யை மாற்றினால் மட்டும் கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். டெர்மினலை மறைத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு கோரிக்கையும் அதன் பிழையும் அங்கேதான் ஓடும்.

படி 3: எந்த ஃபோல்டரைத் திறக்கிறீர்கள்?

பலர் கவனிக்காத இடம் இது. சர்வரை புராஜெக்டின் மேல் ஃபோல்டரிலிருந்து ஓட்டினால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வைத்திருக்கும் டாட் ஈஎன்வி ஃபைலையும் முகவரியில் கேட்டு வாங்கிவிடலாம். அதனால் வெளியே தெரிய வேண்டியதை மட்டும் பப்ளிக் ஃபோல்டரில் வைத்து, கட்டளையின் கடைசியில் ஹைஃபன், சின்ன டி, இடைவெளி, பப்ளிக் என்று சேருங்கள். லாராவெல் போன்ற ஃப்ரேம்வொர்க்குகளின் அமைப்பும் இதுதான்.

படி 4: மாட்டிக்கொள்ளும் இடங்கள்

இந்தச் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். உங்கள் பக்கமே கர்ல் மூலம் இதே சர்வரிலுள்ள இன்னொரு பக்கத்தைக் கேட்டால், ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து இரண்டும் நின்றுவிடும். நிரலில் தப்பு தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏபிஐ போன்ற அந்த இன்னொரு பக்கத்தை வேறு போர்ட்டில் தனியாக ஓட்டுங்கள். 7.4 முதல், ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கப் பல வொர்க்கர்களை வைக்க வழி உண்டு, விண்டோஸில் மட்டும் கிடையாது.

அப்பாச்சியின் எச்டிஆக்சஸ் விதிகளையும் இது படிக்காது. முகவரிகளைத் திருப்பிவிட, கட்டளையின் முடிவில் ரவுட்டர் ஃபைல் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அது ஃபால்ஸ் என்று திருப்பித் தந்தால், கேட்ட படமோ சிஎஸ்எஸ்ஸோ அப்படியே போய்ச் சேரும்.

படி 5: போனில் பார்க்க

லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 0.0.0.0 கொடுத்தால், அதே வைஃபையில் உள்ள போனிலிருந்து கணினியின் ஐபி முகவரி வழியாகத் திறக்கலாம். ஃபயர்வால் தடுத்தால் அனுமதி கொடுங்கள். வீட்டு வைஃபையில் சரி. பொது வைஃபையில் இதைச் செய்யாதீர்கள்.

தளத்தை வெளியிடும்போது எஞ்சின்எக்ஸோ அப்பாச்சியோ வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சர்வரைப் பொது நெட்வொர்க்கில் பயன்படுத்தக் கூடாது என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது.