ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி: அமைப்பும் தொடக்கப் பயன்பாடும்

முன்னுரை

கணிப்பொறி இன்று சட்டைப் பையில் அடங்கும் தொலைபேசிக்குள்ளும் உறைகின்றது. விசையை அழுத்திய அளவில் அது தானே விழித்தெழுகின்றது. நாளும் நேரமும் தானே அறிகின்றது. தன்னோடு இணைந்த உறுப்புகளைத் தானே கண்டுகொள்கின்றது. அதனைப் பயன்படுத்துவோர் அதன் உள்ளமைப்பைப் பற்றி ஒன்றும் அறிய வேண்டுவதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை இவ்வாறு இல்லை. தனியாள் கணிப்பொறி ஒன்றை வாங்கியவர், அதனிடம் இன்னது உண்டு, இன்னது இல்லை என்பதை அதற்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியைச் சான்றாகக் கொண்டு, அதனை அமைத்த முறையையும், இயக்கத் தொடங்கிய முறையையும், அவை பயில்வோர்க்கு அளித்த அறிவையும், அவ்வறிவு தமிழெழுத்திற்குப் பயன்பட்ட வகையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

ஐ.பி.எம். நிறுவனம் பெருங்கணிப்பொறிகளுக்குப் பெயர் பெற்றது. அவை தனி அறைகளில், பயிற்சி பெற்ற பணியாளரின் காவலில் இருந்தவை. வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் வைத்துக்கொள்ளத்தக்க பொறிகளை ஆப்பிள், காமடோர், டாண்டி முதலிய நிறுவனங்கள் 1977ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. காலந்தாழ்ந்து இத்துறைக்கு வந்த ஐ.பி.எம்., அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் போக்கா ரேட்டன் நகரில் ஒரு சிறு குழுவை அமைத்தது. டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் அக்குழு ஏறத்தாழ ஓராண்டில் தன் பணியை முடித்தது.

விரைவு கருதி அவர்கள் உறுப்புகள் பலவற்றை வெளியாரிடமிருந்தே பெற்றனர். மையச் செயலி இன்டெல் நிறுவனத்தின் 8088. இயக்க முறைமையை அளித்தது மைக்ரோசாஃப்ட். 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் இப்பொறி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மிகக் குறைந்த அமைப்பின் விலை 1,565 டாலர். அதில் நெகிழ்வட்டு இயக்கி இல்லை, திரையும் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாகவும், ஒலிநாடாக் கருவியைச் சேமிப்பிடமாகவும் கொள்ள வேண்டும். 64 கிலோபைட் நினைவகமும், ஒரு நெகிழ்வட்டு இயக்கியும், தனித் திரையும் வேண்டுவோர் ஏறத்தாழ 3,000 டாலர் செலுத்த வேண்டியிருந்தது.

பெட்டியின் உள்ளே

பொறியுடன் இயக்க வழிகாட்டி நூல் ஒன்று வந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றுவது எவ்வாறு, கூடுதல் அட்டைகளைப் பொருத்துவது எவ்வாறு என்பனவற்றை அந்நூல் படிப்படியாகக் கற்பித்தது. மூடியைத் திறத்தல் பழுது பார்ப்பவர்க்கு மட்டுமே உரியது என்று அக்காலத்தில் கருதப்படவில்லை.

உள்ளே தாய்ப்பலகை. அதில் செயலியும், நிலையான நினைவகச் சில்லுகளும், மாறும் நினைவகச் சில்லுகளும், கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்கு ஐந்து பிளவுகளும் இருந்தன. மாறும் நினைவகம் தொடக்க அமைப்பில் 16 கிலோபைட், அதாவது 16,384 பைட்டுகள். ஓரெழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிட்டால், அச்சிட்ட ஆங்கில நூலொன்றின் ஏறத்தாழ எட்டுப் பக்கங்களே அதில் அடங்கும். தாய்ப்பலகையிலேயே இதனை 64 கிலோபைட் வரை பெருக்கலாம். நினைவகச் சில்லுகள் வரிசைக்கு ஒன்பதாக நின்றன. எட்டுச் சில்லுகள் ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளைத் தாங்க, ஒன்பதாவது சில்லு அவற்றில் பிழை நேர்ந்ததா என்று சரிபார்க்க உதவியது. பிழை காணப்பெற்றால் பொறி நின்றுவிடும். தவறான விடையைத் தருவதினும் விடை தராமல் நிற்பது நன்று என்னும் கொள்கை இதில் புலப்படுகின்றது.

விசைகளால் உரைத்தல்

இப்பொறியை அமைப்பதில் கருத்தூன்றி நோக்கத்தக்க பகுதி தாய்ப்பலகையிலுள்ள சிறு விசைகளாகும். தொகுதிக்கு எட்டாக இரு தொகுதிகளில் பதினாறு விசைகள் அமைந்திருந்தன. எத்தனை நெகிழ்வட்டு இயக்கிகள் உள்ளன, இணைத்த திரை எவ்வகையினது, நினைவகம் எவ்வளவு என்னும் வினாக்களுக்கெல்லாம் இவ்விசைகளை மேலும் கீழும் தள்ளியே விடை சொல்ல வேண்டும். பேனா முனையால் தள்ளுதல் நன்று, பென்சில் ஆகாது. பென்சிலின் கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது.

ஒருவர் தாய்ப்பலகையில் 64 கிலோபைட் நிரப்பியபின், மேலும் 64 கிலோபைட் உடைய அட்டை ஒன்றைச் செருகினார் எனக் கொள்வோம். விசைகளை மாற்றாது விட்டால், பொறி பழைய அளவையே தன் நினைவகமாகக் கொள்ளும். வாங்கிய பொருள் உள்ளே இருந்தும் பயன்படாது. எனவே, இயங்குவதற்கு முன்னரே பொறியின் அமைப்பை அதன் உரிமையாளர் முழுதும் அறிந்திருத்தல் இன்றியமையாததாயிற்று. 1984ஆம் ஆண்டு வந்த ஐ.பி.எம். ஏ.டி. என்னும் பொறியில் மின்கலத்தால் காக்கப்படும் நினைவகம் இப்பணியின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

இணைப்புகள்

மூடியை மீண்டும் பொருத்தியபின் வெளி உறுப்புகளை இணைக்க வேண்டும். 83 விசைகள் கொண்ட விசைப்பலகை, சுருள் கம்பியின் வாயிலாகப் பெட்டியின் பின்புறம் சேரும். அங்கே ஒரே வடிவில் இரு வட்டத் துளைகள் இருந்தன. ஒன்று விசைப்பலகைக்கு உரியது. மற்றது ஒலிநாடாக் கருவிக்கு உரியது. வடிவம் ஒன்றாயினும் பயன் வேறாதலின், நூலைப் பார்த்து இணைப்பவரே இடர்ப்படாது தப்பினர்.

பச்சை நிற எழுத்துகளைக் காட்டும் ஒருவண்ணத் திரைக்குத் தனி மின்விசை இல்லை. அதன் மின்கம்பி கணிப்பொறியின் பின்புறத்திலேயே செருகப்படும். கணிப்பொறி இயங்கும்போது திரையும் இயங்கும். வரிக்கு 80 எழுத்துகளாக 25 வரிகள் அதில் தோன்றும். அத்திரையை இயக்கும் அட்டையிலேயே அச்சுப்பொறிக்கான இணைப்பும் அமைந்திருந்தது. எழுதுதலும் அச்சிடுதலும் அலுவலகப் பணியில் இணைபிரியாதவை என்பதை அறிந்து செய்த ஏற்பாடு இது எனலாம்.

மின்விசை இட்டபின்

பெட்டியின் வலப்பக்கத்துப் பின்பகுதியிலுள்ள பெரிய செந்நிற விசையை மேலே தள்ளினால் மின்விசிறியின் ஒலி எழும். திரையின் இடப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு கோடு மின்னிக்கொண்டிருக்கும். வேறொன்றும் நிகழாது. புதிதாக வாங்கியவர் பொறி பழுதோ என அஞ்சுவதற்கு இடமுண்டு. உண்மையில் அந்நேரத்தில் பொறி தன் நினைவகத்தைச் சோதித்துக்கொண்டிருக்கும். நினைவகம் மிகுந்தால் காத்திருக்கும் நேரமும் மிகும். எல்லாம் செம்மையாக இருப்பின் ஒரே ஒரு குறுகிய ஒலி எழும். அவ்வொலியே நலம் என்பதற்கு அடையாளம்.

நெகிழ்வட்டு இல்லையாயின் பொறி வாளாவிருப்பதில்லை. நிலையான நினைவகத்தில் பதிந்துள்ள பேசிக் மொழி திரையில் தோன்றி, கட்டளையை எதிர்நோக்கும். இரண்டும் மூன்றும் கூட்டினால் என்ன என்று உரிய கட்டளையால் கேட்டால், விடையை உடனே காட்டும். விலைக்கு வாங்கிய மென்பொருள் ஏதுமின்றியே, வாங்கிய முதல் நாளில் ஒருவர் நிரல் எழுதத் தொடங்கலாம். கணிப்பொறியைப் பயன்படுத்துதல் என்பதும் அதற்கு நிரல் எழுதுதல் என்பதும் அன்று அடுத்தடுத்து அமர்ந்த இரு பாடங்களாக இருந்தன.

நெகிழ்வட்டும் முதற் பாடமும்

இயக்க முறைமையாகிய டாஸ் தனியே விற்கப்பட்டது. அதன் நெகிழ்வட்டை இயக்கியில் இட்டுப் பொறியைத் தொடங்கினால், அது முதலில் நாளைக் கேட்கும். மின்னை நிறுத்தியபின் நாளை நினைவில் வைத்திருக்கும் கடிகாரம் அப்பொறியில் இல்லை. எனவே ஒவ்வொரு முறையும் மாதம், நாள், ஆண்டு என்னும் வரிசையில் பயன்படுத்துபவரே சொல்ல வேண்டும். அவர் சொல்லும் நாளே கோப்புகளின் பெயரருகே பதிவாகும். மார்ச்சு 4 என்பதை நம் வழக்கப்படி 4, 3 எனத் தந்தால், பொறி அதனை ஏப்பிரல் 3 எனக் கொள்ளும். உள்ளிடும் செய்தி பிழையாயின் வெளிவரும் செய்தியும் பிழையாகும் என்னும் கணிப்பொறியியலின் அடிப்படை நெறிக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

நாளைப் பெற்றுக்கொண்டபின், ஏ என்னும் இயக்கியின் பெயரும் ஒரு கூர்முனைக் குறியும் தோன்றும். கட்டளை தருக என்பது அதன் பொருள். கற்போர் முதலில் பயின்ற கட்டளை, தட்டிலுள்ள கோப்புகளின் பட்டியலைக் காட்டும் டிர் என்பதாகும். கோப்பின் பெயர் எட்டெழுத்துகளுக்கு மிகாமலும், அதன் பின்னொட்டு மூன்றெழுத்துகளுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்.

அடுத்துச் செய்ய வேண்டிய பணி, வாங்கிய தட்டுக்குப் படி எடுத்தலாகும். ஒருபக்க நெகிழ்வட்டில் 40 தடங்கள். தடத்திற்கு 8 பகுதிகள். பகுதிக்கு 512 பைட்டுகள். இவற்றைப் பெருக்கினால் 1,63,840 பைட்டுகள், அதாவது 160 கிலோபைட் ஆகும். ஒரே இயக்கி உடையவர் மூலத் தட்டையும் படித் தட்டையும் மாறி மாறி இட வேண்டும். 64 கிலோபைட் நினைவகத்தில் முழுத்தட்டும் ஒருங்கே அடங்காது. ஆதலின் இம்மாற்றம் பன்முறை நிகழும். பொறுமையைச் சோதிக்கும் இப்பணியில் ஓர் உண்மை விளங்கியது. தட்டிலுள்ள செய்தி நேரே மற்றொரு தட்டிற்குத் தாவுவதில்லை. நினைவகத்தின் வழியாகவே செல்கின்றது. கைகள் செய்த வேலையே இதனைக் கற்பித்தது.

தட்டைப் பேணும் முறையும் அன்றே கற்கப்பட்டது. உறையின் இடைவெளியில் தெரியும் காந்தப் பரப்பைத் தொடலாகாது. காந்தத்தின் அருகே வைக்கலாகாது. ஒட்டுத்தாளில் அழுத்தி எழுதலாகாது.

திறந்து வைத்த நூல்

ஐ.பி.எம். நிறுவனம் இப்பொறிக்கெனத் தொழில்நுட்பக் குறிப்பு நூல் ஒன்றை விற்பனை செய்தது. மின்சுற்றுப் படங்களும், பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலின் முழு வரிகளும் அந்நூலில் அச்சிடப்பட்டிருந்தன. விலை கொடுப்பவர் எவரும் பொறியின் அமைப்பை வரிவரியாகப் பயிலலாம். இதனால் பிற நிறுவனங்கள் கூடுதல் அட்டைகளை உருவாக்கின. 1982ஆம் ஆண்டில் காம்பேக் போன்ற நிறுவனங்கள் ஒத்தியங்கும் பொறிகளையே அறிவித்தன. பயாஸ் நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தமையால் அதனை அவ்வாறே எடுத்தாள இயலாது. அது செய்யும் பணிகளை ஆராய்ந்து காம்பேக் புதிதாக எழுதிக்கொண்டது. இவ்வழியில் பிறந்த ஒத்தியங்கு பொறிகளே பின்னர் நம் நாட்டு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பரவின.

தமிழெழுத்துக்கு இடம்

தமிழ் பயில்வோர் இங்கே ஒன்றை நோக்க வேண்டும். அப்பொறியின் எழுத்துத் தொகுதியில் 256 இடங்கள் இருந்தன. தமிழ் எழுத்துகளோ இலக்கண மரபின்படி உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. எண்ணிக்கையால் அடங்குவது போலத் தோன்றினும் இடம் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளும் எண்களும், ஐரோப்பிய எழுத்துகளும், கட்டம் வரையும் கோடுகளும் அவ்விடங்களை நிரப்பியிருந்தன. ஒருவண்ணத் திரையின் எழுத்து வடிவங்கள் மாற்ற இயலாத சில்லில் பதிந்திருந்தன.

எனினும் வழி முற்றும் அடைபடவில்லை. அமைப்பு வெளிப்படையாக இருந்தமையால், இந்திய எழுத்துகளைத் திரையில் காட்டும் தனி அட்டையைச் செருகுபிளவில் பொருத்த முடிந்தது. சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை அவ்வகையினது. 1991ஆம் ஆண்டு இந்தியத் தர அமைவனம் ஏற்ற இஸ்கி குறியீட்டில், முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும், அடுத்த பாதி இந்திய எழுத்துகளுக்கும் உரியவாயின. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வழங்காமல், அகரமேறிய மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் எண் வழங்கி, வடிவங்களைக் கூட்டி அமைக்கும் முறை அதில் கையாளப்பட்டது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் நம் இலக்கணக் கருத்தோடு இம்முறை இயைந்து செல்வது எண்ணி மகிழத்தக்கது. அதே 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற் பதிப்பும் தமிழுக்கு இம்முறையிலேயே இடமளித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் 99 மாநாட்டின் வாயிலாகத் தமிழ்நாட்டு விசைப்பலகையும் ஒழுங்கு பெற்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. தொடக்கக் காலக் கணிப்பொறி, பயன்படுத்துவோரிடம் உழைப்பை வேண்டியது; அவ்வுழைப்பிற்கு ஈடாக அறிவை அளித்தது. விசைகளை அமைத்தவர் நினைவகத்தின் அளவை அறிந்தார்; படி எடுத்தவர் செய்தி செல்லும் வழியை அறிந்தார்; குறிப்பு நூலைப் பயின்றவர் புதிய உறுப்புகளைப் படைத்தார். தமிழுக்கு இடமில்லாத பொறியில் தமிழுக்கு இடம் கண்டவர்கள், அப்பொறியின் உள்ளமைப்பைக் கற்றவர்களே ஆவர்.

இன்றைய கருவிகள் எளிமையானவை; அவ்வெளிமை வரவேற்கத்தக்கது. எனினும் கருவியைக் கையாளத் தெரிவதும் கருவியை அறிவதும் ஒன்றல்ல. கணிப்பொறி தமிழுக்குச் செய்ய வேண்டிய பணிகள் இன்னும் பல உள. எழுத்துப் பிழை திருத்துதல், பழஞ்சுவடிகளைப் படித்தறிதல், சொல்லின் பகுதியும் விகுதியும் பிரித்தறிதல் ஆகியவற்றில் இலக்கணம் கற்றவரும் நிரல் கற்றவரும் ஒருங்கே உழைத்தல் வேண்டும். தமிழ் மாணவர்கள் அப்பணியைப் பிறருக்கு உரியதென ஒதுக்காது, பொறியின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வத்தைத் தாமும் கொள்வாராக.