பேஸ்டல் தேய்க்க விரலா, பஞ்சா, காகிதக் குச்சியா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் பேஸ்டல் டப்பாவும் அட்டையுமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் முதலில் கொடுக்கும் படம் எப்போதும் ஒன்றுதான்: சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரைக் குளம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. அன்னவாசல் வழியில் போய் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பார்த்து வந்ததும் எல்லாரும் கேட்பது, "மிஸ், எதை வச்சுத் தேய்க்கிறது?" அதற்கு நான் சொல்லிவரும் பதில்களைத்தான் இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். அம்மாக்களுக்கும் உதவும்.

1. முதலில் டப்பாவைப் பாருங்கள். கடையில் "பேஸ்டல்" என்று கேட்டால் பெரும்பாலும் ஆயில் பேஸ்டலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது, விரலில் ஒட்டும். சாஃப்ட் பேஸ்டல் அப்படியல்ல. வண்ணப் பொடியையும் சுண்ணப் பொடியையும் கொஞ்சம் பிசினில் பிசைந்து குச்சியாக்கியது. தொட்டால் திருநீறு மாதிரி உதிரும். இரண்டுக்கும் தேய்க்கும் கருவி வேறு. கீழே 9 வரை வருவது சாஃப்ட் பேஸ்டலுக்கு. கரும்பலகைச் சாக்பீஸை மட்டும் இதற்குப் பதிலாக வாங்காதீர்கள், அதில் வண்ணம் மிகக் குறைவு.

2. விரல்தான் முதல் கருவி, காசும் இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் விரலில் எப்போதும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். அது காகிதத்தில் இறங்கினால் அந்த இடம் திட்டாகக் கறுத்துவிடும். அடுத்த வண்ணம் அங்கே பிடிக்காது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்த ஒரு பெண், வானம் முழுக்க இப்படி மேகம் வரவழைத்தாள்! சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். ஆள்காட்டி விரலைவிடச் சுண்டுவிரல் நல்லது, தானாகவே அழுத்தம் குறையும். நீலத்துக்கு ஒரு விரல், சிவப்புக்கு ஒரு விரல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் விரலே வேண்டாம்.

3. காகிதக் குச்சியில் இரண்டு வகை உண்டு. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். ஒன்று, காகிதத்தைச் சுருட்டிச் செய்தது. உள்ளே கூடு, ஒரு பக்கம் மட்டும் கூர். இதை டார்ட்டிலான் என்பார்கள். மற்றது இறுக்கி அழுத்திய கெட்டிக் குச்சி. இரண்டு பக்கமும் கூர். இதுதான் ஸ்டம்ப். கண், இதழ் ஓரம், மீன் செதில் போன்ற சின்ன இடத்துக்கு முதல் வகை. கொஞ்சம் அகலமாக இழுக்க வேண்டுமென்றால் கெட்டிக் குச்சியைச் சாய்த்துப் பிடிக்கலாம். நுனியால் குத்தித் தேய்த்தால் காகிதத்தில் கோடு விழும், அது போகவே போகாது. பெரிய செட்டாக வாங்க வேண்டாம்; மெல்லியது இரண்டு, நடுத்தரம் ஒன்று இருந்தால் ஒரு வருடம் ஓடும்.

4. அதையும் வாங்க முடியாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். அச்சில்லாத, கொஞ்சம் சொரசொரப்பான வெள்ளைத்தாளை நீள முக்கோணமாக வெட்டுங்கள். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை வைத்து அகலமான பக்கத்திலிருந்து சாய்வாக, இறுக்கிச் சுருட்டி, ஈர்க்கை உருவிவிட்டு, முடிவில் பசை தடவுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை படத்தில் இறங்கும். நுனி அழுக்கானால் மெல்லிய உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் புதிதாகிவிடும்.

5. வானம், பாறை, சுவர் போன்ற பெரிய பரப்புக்குப் பழைய பனியன் துணியைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. பல தடவை துவைத்துப் பஞ்சு போனதாக இருக்க வேண்டும். விரலில் இறுக்கிச் சுற்றி, வட்டமாக இல்லாமல் ஒரே திசையில் இழுங்கள். மருந்துக்கடைப் பஞ்சை வைத்துத் தேய்த்தால் வண்ணம் பரவுவதைவிடப் பஞ்சோடு போவதுதான் அதிகம். நிறம் கூடிவிட்ட இடத்தைக் குறைக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி நாலு இழுப்பில் நூல் விட்டுவிடும், அவசரத்துக்கு மட்டும்.

6. முகத்துக்குப் பவுடர் பூசும் ஸ்பாஞ்ச், முக்கோணமாக வெட்டியது, பேன்சி ஸ்டோரில் கிடைக்கும். கன்னம், தோள், பழம் போன்ற உருண்டையான இடங்களுக்கு அருமை. கழுவி, முழுக்கக் காயவைத்துத்தான் மறுபடி எடுக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் பொடி சேறாகிவிடும். படம் வரைபவர்கள் சொல்லும் ஷாமி தோல் வாங்குவது உங்கள் விருப்பம். எனக்கு அதற்குப் பனியனே போதும்.

7. எவ்வளவு நல்ல கருவியானாலும் வழவழப்பான சார்ட் பேப்பரில் வேலை செய்யாது. பொடி பிடித்து நிற்கக் காகிதத்துக்குச் சொரசொரப்பு வேண்டும். பயிற்சிக்கு, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டின் மினுங்காத பக்கம் நன்றாகவே வரும். பழுப்பு நிறம் பாறைக்கும் பொருந்தும். ரொம்பவும் கரடான உப்புத்தாளில் வரைந்தால் விரலைக் கொண்டுபோகாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

8. எங்கே தேய்க்கக் கூடாது? முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

சித்தன்னவாசல் அறிவர் கோயில் விதானத்தை நினைத்துப் பாருங்கள். பாறையின் மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வண்ணம். காவி மண், கரி, சுண்ணாம்பு என்று பெரும்பாலும் மண்ணிலும் அடுப்பிலும் கிடைத்த நிறங்கள். சமணர் கோயில். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டின் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தது. குளத்தில் தாமரை, மீன், பறவை, எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று பேர். எள் போட இடமில்லை. ஆனாலும் எது இலை, எது இதழ், எது யானை என்று கண் தடுமாறுவதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கோடு பிடித்து நிறுத்தியிருக்கிறது.

நம் பிள்ளைகள் அதே குளத்தைப் பேஸ்டலில் போட்டு முழுக்கத் தேய்த்துவிட்டுக் கொண்டுவந்து காட்டும்போது பாசி பிடித்த ஊருணி மாதிரி இருக்கும். ஆகவே நான் வைத்திருக்கும் வரிசை இது: முதலில் இலைப் பரப்புக்குக் கரும்பச்சையைப் பூசிப் பனியனால் இழுத்துவிடுங்கள். இதழுக்கு அடியில் வெள்ளை, நுனியில் இளஞ்சிவப்பு வைத்து, காகிதக் குச்சியால் வெள்ளையிலிருந்து சிவப்பை நோக்கி மட்டும் இழுங்கள். திருப்பி இழுத்தால் வெள்ளை செத்துவிடும். பூப்பறிப்பவர்களின் உடம்புக்கு ஸ்பாஞ்ச். கடைசியில் செங்காவிக் குச்சியின் கூர்முனையால் ஓரக்கோடு. அந்தக் கோட்டை யாரும் தொடக் கூடாது, விரலாலும் கூடாது. மீனைத் தேய்க்கவே வேண்டாம், நாலு கீற்றுப் போதும்.

பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா (1834–1917) பேஸ்டலில் வரைந்த நடனப் பெண்களின் படம் எங்காவது கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தேய்த்து மழுங்கடிப்பதைவிட ஒரு கீற்றின் மேல் இன்னொரு கீற்றாக அடுக்கியதில்தான் அந்த உடைகளுக்கு மினுக்கம்.

இன்னொன்று: குகைக்குள் பென்சில், நோட்டு மட்டும் கொண்டுபோங்கள். பேஸ்டல் பொடி அங்கே பறக்கக் கூடாது, சுவரில் கையும் படக் கூடாது. ஏற்கெனவே நிறைய உதிர்ந்துவிட்டது.

9. வாயால் ஊதாதீர்கள். உதிர்ந்த பொடியை ஊதினால் எச்சில் தெறிக்கும், பொடி மூக்குக்குள் போகும். சில வண்ணங்களில் உடம்புக்கு ஆகாத உலோகச் சேர்மானம் இருக்கும். அட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பின்னால் ஒரு தட்டுத் தட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வரையுங்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வரைந்த கையோடு முறுக்கை எடுக்க வரும் வாண்டுகளைக் கவனியுங்கள்.

10. இனி ஆயில் பேஸ்டல். காகிதக் குச்சி இதற்கு ஒரே நாளில் பசையேறி வீணாகும். விரல், டிஷ்யூ தாள் இரண்டும் நல்லது. இவற்றைவிட நல்லது டப்பாவில் சும்மா கிடக்கும் வெள்ளைக் குச்சி; இரண்டு நிறம் சேருமிடத்தில் அதை அழுத்தித் தேய்த்தால் இரண்டும் குழைந்துவிடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. அன்றைக்கு அழகாக இருக்கும். ஒரு வாரத்தில் வடைக்கு விரித்த தாள் மாதிரி எண்ணெய் வட்டம் பரவும். டர்பன்டைன் பெரியவர்களுக்கு மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து. தாமரைத் தண்டின் முள், யானையின் ரோமம் போன்றவற்றை மேல் நிறத்தை ஈர்க்கு நுனியால் கீறியே காட்டிவிடலாம்.

11. சித்திரை வெயிலில் ஆயில் பேஸ்டல் குழைந்து, குச்சி கையில் ஒடியும். டப்பாவை மூடி, பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம்.

12. ஒன்றோடொன்று உரசி எல்லாக் குச்சியும் சாம்பல் நிறமாகிவிட்டால் (சாஃப்ட் பேஸ்டலைச் சொல்கிறேன்) ஒரு டப்பாவில் பச்சரிசி போட்டு, குச்சிகளைப் புதைத்து மெல்லக் குலுக்குங்கள். அழுக்கை அரிசி எடுத்துக்கொள்ளும். அந்த அரிசியைக் கோழிக்குப் போடாதீர்கள், தூக்கி எறிந்துவிடுங்கள்.

13. படம் முடிந்ததும் பொடி நிற்பதற்காக ஃபிக்ஸேடிவ் என்ற ஸ்ப்ரே அடிப்பார்கள். அடித்தால் வெளிர் நிறங்கள் கொஞ்சம் மங்கும். அதனால் முதலில் ஒரு துண்டுத்தாளில் சோதித்துவிட்டு, ஓரடி தள்ளி, லேசாக அடியுங்கள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே நாளடைவில் மஞ்சளாகும். கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரரிடம், படத்தில் கண்ணாடி ஒட்டாதபடி நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, ஒரு படத்தின் பாதிப் பச்சையைக் கண்ணாடிக்குக் கொடுத்தேன். சட்டம் போடும் வரை பட்டர் பேப்பர் விரித்து, நோட்டுக்குள் செருகாமல், அலமாரி மேல் தட்டையாக வையுங்கள்.