ஆறிய காயம், ஆறாத நோ

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அப்போது பட்ட காயம் உங்களுக்கு இன்றும் நோகிறதா? வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் இருப்பவர்களில் சிலர் உடம்பில் செல் துண்டோடு வாழ்கிறார்கள். சிலருக்கு இழந்துபோன காலின் பாதமே இரவில் நோகிறது. "காயம்தான் ஆறிவிட்டதே" என்று மற்றவர்கள் சொல்லும்போது, பதில் பேசாமல் இரண்டு பனடோலைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள். இந்தப் பாடம் உங்களுக்கானது.

நோ ஏன் தொடர்கிறது?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட நோ. புதிய காயத்தின் நோ ஓர் எச்சரிக்கை மணி போன்றது. சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் நரம்புகளும் மூளையும் அந்த மணியை நிறுத்துவதில்லை. ஆகவே உங்கள் நோ கற்பனை அல்ல. அதேவேளை, நோகும் ஒவ்வொரு தடவையும் உடம்பு புதிதாகப் பழுதாகிறது என்றும் இல்லை. நித்திரைக் குறைவும் பயமும் கவலையும் நோவைக் கூட்டும்.

செல் துண்டு இருந்தால்

அகற்றும்போது நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ கூடுதல் சேதம் வரலாம் என்பதால், வைத்தியர்கள் சில துண்டுகளை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் உடம்பில் உலோகத் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். காந்தத்தால் அது அசையக்கூடும்.

குளிசையில் கவனம்

வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் பரசிற்றமோலை 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவற்றை பாமசியில் தானே வாங்கி நாட்கணக்கில் பாவித்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். நரம்பு நோவுக்கு வேறு மருந்துகள் உள்ளன.

எங்கே போவது?

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும் வசதி. முதலில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். தேவையானால் அங்கிருந்து கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பழைய எக்ஸ்ரே, வைத்தியசாலைத் துண்டுகள், இப்போது எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

"நோகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பத்து நிமிடத்துக்கு மேல் நின்று சமைக்க முடியவில்லை", "இரவில் மூன்று தரம் எழும்புகிறேன்" என்று சொல்லுங்கள். நோ எதைத் தடுக்கிறது என்று தெரிந்தால்தான் வைத்தியர் அதற்கேற்ற சிகிச்சையைத் தீர்மானிக்கலாம். செயற்கைக்கால் உரசி நோகிறதென்றால் அதைச் சரிபார்க்க வேண்டும். கொழும்பில் பிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி ஜெய்ப்பூர் கால் செய்து பொருத்துகிறது.

வீட்டில் செய்யக்கூடியது

நோ குறைந்த நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாளும் படுக்கையில் கிடப்பது பலரின் அனுபவம். இருபது நிமிடத்தில் நோ கூடுமென்றால் பதினைந்தாவது நிமிடத்திலேயே இருந்து ஆறுங்கள். மாலையில் சிறிது தூரம் நடங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நோ முழுதாகப் போகாமல் இருக்கலாம். ஆனாலும் சமையலும் நித்திரையும் பிள்ளையோடு கடைக்குப் போவதும் திரும்பி வரலாம். சிகிச்சையின் இலக்கு அதுதான்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: கை கால் திடீரென்று பலமிழத்தல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சலோடு பழைய காயம் வீங்குதல் அல்லது சீழ் வடிதல். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பயிற்சி

ஒரு கொப்பியில் ஏழு நாட்களுக்கு எழுதுங்கள்: எப்போது நோ கூடியது, அதற்கு முன் என்ன செய்தீர்கள், எத்தனை குளிசை எடுத்தீர்கள், எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "இன்னும் நோகுதா?" என்று கேட்பதை விட்டு, "இண்டைக்கு என்ன செய்ய முடிஞ்சது?" என்று கேளுங்கள்.