100 சதவீத பேட்டரி: நம்பலாமா?

கேள்வி: பழைய ஐபோன் 12 ஒன்றை விலை பேசியிருக்கிறேன். பேட்டரி மாற்றியாகிவிட்டது, ஹெல்த் 100 சதவீதம் என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பேட்டரியின் கணக்கை வைத்திருப்பது அதன் தலைமாட்டில் இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு. அசல் போர்டைக் கழற்றி வேறு செல்லில் பற்றவைக்கிறார்கள். பழைய கணக்கை அழித்து 100 என்று எழுதும் கருவியும் சந்தையில் கிடைக்கிறது. செல் தரமானதா, மட்டமானதா என்பது அந்த எண்ணில் தெரியாது.

செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் பகுதியைத் திறந்து பாருங்கள். வெளி பேட்டரி என்றால், பெரும்பாலும் அடையாளம் தெரியாத பாகம் என்று ஆங்கிலத்தில் காட்டும். அதற்காகவே போனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. என்ன மாற்றினோம் என்று ஒளிக்காமல் சொல்லி, விலையைக் குறைத்து, பேட்டரிக்கான வாரண்டியை பில்லில் எழுதித் தருகிற கடைக்காரர், 100ஐ மட்டும் காட்டுபவரைவிட எவ்வளவோ மேல். அவரிடமே வாங்குங்கள் என்பேன்.

வாங்குமுன் கடையிலேயே அரை மணி நேரம் வீடியோவும் கேமராவும் ஓட்டிப் பாருங்கள். சார்ஜ் திடுதிப்பென்று இறங்கினாலோ, கை பொறுக்காத சூடு வந்தாலோ வேண்டாம். டிஸ்ப்ளே ஓரம் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும்; அது ஆபத்து, பேரமே பேசாதீர்கள். இன்னொன்று: ஒருமுறை திறந்த போனில் தண்ணீர் புகாமல் காக்கும் பசையைப் புதிதாக ஒட்டினார்களா என்றும் கேளுங்கள். ஒட்டியிருந்தாலும் மழையில் நனைய விடாதீர்கள்.